இரண்டு மணிச் சுற்று

செசபீக் விரிகுடாவின் தீவொன்றில்
அலை தட்டினால் அசையும் மரக்கொட்டகை.
முப்பது தொட்டிகள். மூன்று குண்டு பல்புகள்.
மே மாதத்து முழுநிலா வந்துவிட்டால்
டெல்ஃபியாவுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான்:
பத்து மணி, இரண்டு மணி, ஐந்தரை.

நண்டின் கடைசிக் கால் துடுப்பு மாதிரித் தட்டை.
அதன் ஓரத்தில் மயிரிழைக் கோடு ஒன்று.
வெள்ளையென்றால் இரண்டு வாரம் இருக்கிறது.
ரோஸ் என்றால் ஒரு வாரம்.
ரத்தச் சிவப்பென்றால் இன்றோ நாளையோ.
நிறம் பார்த்துத் தொட்டி மாற்ற வேண்டும்;
இல்லாவிட்டால்
சட்டை கழற்றியவளைச்
சட்டை போட்டவர்கள் தின்றுவிடுவார்கள்.

இதோ, ஒன்று பின்பக்கம் பிளக்கிறது.
பின்னோக்கித்தான் வெளியே வரும்,
விட்டுப்போகும் வீட்டைப் பார்த்தபடி.
கொடுக்குகளைக் கையுறைபோல் உருவி,
செவுளின் உறை, வயிற்றின் உள்தோல்,
கண்ணுக்குப் போட்டிருந்த மூடிகூட மிச்சமில்லாமல்.
கழற்றிய ஓடு அச்சு அசல் நண்டு.
பக்கத்தில் கிடப்பதுதான்
என்னவென்று சொல்ல முடியாத ஏதோ.

உடனே தொடக் கூடாது.
தண்ணீர் குடித்து உப்ப வேண்டும் அது,
அடுத்த ஓட்டின் அளவுக்கு.

கதவு கிறீச்சிட்டது.
ஆர்வில்.
வெறுங்கால். பல்செட் இல்லாத வாய்.
நாற்பது வருடமாக
ஆரஞ்சு மழைக்கோட்டுக்குள்ளிருந்தே பேசியவன்.
படகு மூழ்கிய வருடத்திலும்
'காற்று திரும்பும்' என்றதோடு சரி.

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு
தண்ணீரிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கிறார்கள், டெல்ஃபி.
திறந்ததை யார் மூடுவார்கள் என்றே
மண்டைக்குள் ஓடுகிறது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் முகத்துக்கு நேரே எரிந்த பல்பை அணைத்தாள்.
பிரித்துப் போட மறந்த ஜோடி ஒன்று
மூன்றாம் தொட்டியில்:
இளகப் போகிறவளை வயிற்றடியில் வைத்து
கால்களைக் கூண்டாக்கி நின்றது ஆண்நண்டு.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
நெடுநேரம்.

அவளுக்குத் தெரியும்.
தண்ணீரிலேயே விட்டால்
விடிவதற்குள் காகிதம்போல் மொரமொரக்கும்,
அப்புறம் ஓடு.
வெளியே எடுத்தால் இறுகுவது அங்கேயே நிற்கும்.
எடுத்தாள். கடற்புல் விரித்த பெட்டியில்
முகம் மேலே பார்க்க அடுக்கி
ஈரத் துணி போட்டாள்.
அவனுக்குப் பெட்டி ஏது?

ஐந்தரைக்கு வந்தபோது
மழைக்கோட்டுக்குள் இருந்தான்.
டஜனுக்கு இரண்டு டாலர் குறைத்த
நியூயார்க் வியாபாரியிடம்
போனில் கத்திக்கொண்டிருந்தான்.

கணக்கு நோட்டில்
இரண்டு மணிக்கு நேரே
பதினேழு என்று எழுதியிருந்தாள்.
பெட்டியில் பதினாறு.
ஆர்வில் இரண்டு தடவை எண்ணினான்.
உனக்கு எண்ணவே வராது என்றான்.