பதினோராவது தள்ளு

ஷுவைக்கில் கிரேன் எடைமானிகளுக்குச்
சான்றிதழ் தருகிறவன் நான்.
வெள்ளிக்கிழமை, முதல் படகு.
மடியில் இரண்டு டன் லோட் செல்,
துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல.

ஃபைலக்காத் தீவின் ஸோர் கிராமத்தில் குடியில்லை.
பள்ளிச் சுவரில் தொண்ணூறாம் வருடத்துக் குண்டுத் துளைகள்.
சிலவற்றில் குருவி.
அதற்கும் ஈராயிரம் வருடம் முன்னால்
கிரேக்கச் சிப்பாய்கள் இங்கே கோட்டை கட்டி
இதே புழுதியில் தும்மியிருக்கிறார்கள்.

தெஸ்பினாவுக்கு ஒரே கேள்வி:
எட்டு ஆள் ஒருவன் பின் ஒருவனாய்க் கேடயத்தோடு தள்ளினால்
எதிரே நிற்பவன்மேல் எத்தனை கிலோ?
பழைய ஏடுகளில் ‘தள்ளினார்கள்’ என்று மட்டும் இருக்கிறதாம்.
அந்த ஒரு சொல்லை வைத்துப் பேராசிரியர்கள்
நூறு வருடமாக ஒருவரையொருவர் தள்ளுகிறார்களாம்.

ஆட்கள் சாரம் கட்டும் கம்பெனியிலிருந்து.
தலைக்குப் பன்னிரண்டு தினார், மதியம் பிரியாணி.
கேடயங்கள் படகுப் பட்டறையில் வார்த்த ஃபைபர்.
“டிஷ் ஆண்டெனா” என்றான் மொஃபிஜுல்.
“பழைய தமிழில் கிடுகு” என்றேன் நான்.
சேசுராஜ் சிரித்தான்:
“எங்க ஊர்ல கிடுகு கூரைக்குத்தான் ஆகும்ணே.
ஈட்டி வேணாம், காக்கா போதும்.”

தோளைக் கொடுத்து ஒருவன்: அறுபத்தெட்டு.
மூவர்: நூற்றைம்பது.
எட்டுக்கு ஐந்நூறு என்று
மனதுக்குள் பெருக்கி வைத்திருந்தேன்.
இருநூற்றுப் பத்து.
கடைசி ஆளின் பலம் முன்னால் வந்து சேர்வதற்குள்
முழங்காலில் கொஞ்சம், இடுப்பில் கொஞ்சம்,
ஏஜெண்ட் கை பட்ட சம்பளம்.

ஐலசா போடலாம் என்றான் சேசுராஜ்,
திரேஸ்புரத்தில் வள்ளம் தள்ளி வளர்ந்தவன்.
ஐலசா! கோடு எகிறியது.
மூச்செடுக்கையில் படுத்தது.
எகிறியது, படுத்தது.
படுக்கும் ஒவ்வொரு தடவையும்
ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே
ஒரு கை நுழைகிற சந்து.
ஏழு தடவை பார்த்தோம். அதே கோடு.

தண்ணீர் குடித்துவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்தான்.
“வள்ளம்னா சரிதாண்ணே.
வள்ளம் திருப்பித் தள்ளாதுல்லா.”

பதினோராவது தள்ளு.
சத்தமில்லை.
நெஞ்சு முன்னவன் முதுகில்,
அந்த முதுகின் நெஞ்சு அடுத்த முதுகில்.
யாரும் தள்ளவில்லை. சாய்ந்தார்கள்,
வியாழன் இரவு மிர்காப் பஸ்ஸில்
நிற்க இடமில்லாமல் விழவும் இடமில்லாமல்
சாய்வோமே, அப்படி.
முந்நூறு.
முந்நூற்றுத் தொண்ணூறு.
நானூற்றுப் பன்னிரண்டில் கையைத் தூக்கிவிட்டேன்.

முன்னால் நின்றது நல்லமுகமது, தொண்டிக்காரர்,
வயது ஐம்பத்தொன்று.
கேடயத்தை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தார்.
தெஸ்பினா ஓடினாள். விலா எலும்பா, மயக்கமா,
படிவத்தில் பதினாறு கேள்விகள்.
நான் மொழிபெயர்த்தேன்.
அவர் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னார்:
“விளிம்பு தோள்லயும் தொடையிலயும் நின்னுக்கிச்சு.
நெஞ்சுமேல ஏறலை.
உள்ள ஒரு சாண் இருட்டு.
மூச்சுவிட அது போதுமா இருந்துச்சு.”

ஒரு சாணை அவள் என்னிடம் அளந்து காட்டச் சொன்னாள்.
என் விரல்களை டேப் வைத்து அளந்தாள்.

தட்டைப் பலகைக்கு ஆளை நிறுத்தவில்லை.
மணல்மூட்டை வைத்தோம்.
முந்நூற்று நாற்பதில் தையல் விட்டது.
சிரிக்கத் தொடங்கிய மொஃபிஜுல்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
நல்லமுகமது மூட்டையைப் பார்க்கவில்லை,
பிரியாணிப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிப் படகுக்கு முன் கழற்றினேன்.
எதுவும் தொடாதபோதும் நான்கு கிலோ காட்டியது.
சான்றிதழில் ‘பிழை’ என்று ஒரு கட்டம் உண்டு.
நான்கு என்று எழுதினேன்.

படகில் நல்லமுகமது என் காதருகே வந்தார்:
“தம்பி, அந்தச் சட்டியில ஒண்ணு கிடைக்குமா, கேளேன்.
கேம்ப்ல துணி ஊறவைக்க.”
கேட்டேன்.
அவள் பட்டியலை எடுத்து ஏழாம் எண்ணை அடித்தாள்.