எம் டிரைவ்

ராணிப்பேட்டை சிப்காட் நிறுத்தத்தில் இறங்கும்போதே
தோல் வாசனை வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது.
அக்னி நட்சத்திரத்தின் நான்காம் நாள்.
ஆபீசில் பன்னிரண்டு கணினி.
பதினொன்று வெள்ளி இரவு புது விண்டோஸுக்கு மாறியவை,
பதினொன்றிலும் இசட் டிரைவின் மேல்
சிவப்புப் பெருக்கல் குறி.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு. இன்னா ஆச்சு பாரு"
என்றார் மேனேஜர் இம்தியாஸ்,
அவர் மேசை இழுப்பறையிலிருந்து
நானே எடுத்துப் போனதுபோல.

எங்கும் போகவில்லை.
சர்வர் கழிப்பறைக்கு அடுத்த அறையில்,
உடைந்த ஃபேனுக்கும் ஷூ மாதிரிப் பெட்டிகளுக்கும் நடுவே
சூடாக முனகிக்கொண்டிருந்தது.
வழி மறக்கவில்லை இவற்றுக்கு.
யார் பெயரைச் சொல்லித் தட்டுவது,
அதுதான்.

மாறாமல் தப்பிய பன்னிரண்டாவதைத் திறந்து பார்த்தேன்.
சேமித்து வைத்த பெயர் ஒன்றே ஒன்று:
மெஹர்.
பில் போடும் அற்புதமேரியும் மெஹர்,
டெஸ்பாட்ச் கோதண்டமும் மெஹர்,
மேனேஜரும் ஆறு வருஷமாக மெஹர்.

"அந்தப் பொண்ணா? அது வேலைய வுட்டு
நாலு வருஷம் ஆவுதே."

சர்வரைப் பூட்டி வைத்ததும் அவள்தானாம்.
போகிற அன்று சாவியை யாரும் கேட்கவில்லை,
அவளும் நீட்டவில்லை.

மேல்விஷாரத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள்.
ஆதார் திருத்த வந்தவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு
போனுக்கு வந்தாள்.
"இன்னுமா என் பேர்ல ஓடிகினு கீது?"
சிரித்தாளா, தெரியவில்லை.
"வாயால சொல்ல வராது. விரலுக்குத்தான் தெரியும். இருங்க."
அங்கே கீபோர்டு தடதடத்தது.
திரையில் விழுந்ததைப் பார்த்துப்
படித்தாள் எழுத்தெழுத்தாக.
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.

திறந்தது.

பன்னிரண்டு பேருக்கும் அவரவர் பெயர் கொடுத்தேன்.
"த-வுக்கு ஹெச் போடணும் தம்பி" என்று
பின்னால் வந்து நின்றார் கோதண்டம்.
போட்டேன்.
பிறகு எட்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட்:
எழுந்ததும் ஓடாதே.
புது விண்டோஸ் கேபிளை முந்திக்கொண்டு எழுகிறது.
பத்து நொடி பொறு.
பழைய இணைப்பு இருந்தால் அறு.
தட்டு.
திறக்காவிட்டால் மறுபடி தட்டு.

மெஹர் கணக்கை மூடுமுன்
அவள் ஃபோல்டரைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
சம்பள உயர்வு விண்ணப்பம்.
சம்பள உயர்வு விண்ணப்பம் இரண்டு.
சம்பள உயர்வு விண்ணப்பம் திருத்தியது.
சம்பள உயர்வு விண்ணப்பம் கடைசி.
கடைசிக்குப் பிறகும் இரண்டு.

"இன்னாபா அது?"
"பழசு சார்."

மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
பன்னிரண்டும் எழுந்து, பத்து நொடி பொறுத்து,
ஒவ்வொன்றாக உள்ளே போயின.
சிவப்புக் குறி எதிலும் இல்லை.
அற்புதமேரி பேச்சை விட்டுவிட்டு பில்லுக்குத் திரும்பினாள்.
நான் கேட்டது இரண்டாயிரத்து நானூறு.
முந்நூறு குறைத்து எண்ணிக் கொடுத்தார் இம்தியாஸ்,
டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

டீ வருவதற்குள்
அவர் கணினியின் ஸ்கிரிப்டில் மட்டும்
ஒரு வரி கூடுதலாக எழுதினேன்.

இனி தினமும் காலை ஒன்பதரைக்கு
தன் பெயரைச் சொல்லி அவர் உள்ளே போனதும்
இசட்டுக்குப் பக்கத்தில்
எம் டிரைவ் தானாக வந்து நிற்கும்.
திறப்பதும் திறக்காததும்
அவர் பாடு.