நான்கு விரற்கடை

தினம் அரைமணி நடங்க,
சுவரில் விரலால் ஏறுங்க, எறும்பு போல.
வேலூரில் அந்தச் சின்னப்பெண் சொன்னபோது
தலையாட்டிவிட்டு வந்தேன்.
பதினெட்டு வருடம் ரேஷன் கடையில்
அரிசி மூட்டையை ஒற்றை ஆளாய்ச் சாய்த்தவள்.
இப்போது நைட்டியைத் தலைவழியே கழற்ற
கதிர்வேலுவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கழற்றுவார்.

பள்ளிப்பட்டுக்கு வடக்கே எங்கள் தெரு.
பதினோராவது மின்கம்பம் தாண்டினால் ஆந்திரா.
முதல் வாரம் மூன்றாவது கம்பத்தில் உட்கார்ந்துவிட்டேன்.
குரைக்க வந்த நாயும்
பக்கத்தில் படுத்துக்கொண்டது.
பத்தொன்பதாம் நாள் இடுப்பில் போன் அதிர்ந்தது:
ஆந்திராவுக்கு நல்வரவு.
வெளிமாநிலம் போய் வந்தேன் என்றேன் வீட்டில்.
ஒன்றும் வாங்கி வரவில்லையா என்றார்.
தை பிறந்ததில் இருந்து
நாங்கள் சிரித்தது அன்றுதான்.

கைக்கு ஓர் உறை கொடுத்திருந்தார்கள்,
வீக்கம் ஏறாமலிருக்க, தோல் நிறத்தில்.
யார் தோலின் நிறமோ.
ரவிக்கைக்குள் வைக்க நானே ஒன்று தைத்தேன்,
உள்ளே கேழ்வரகு.
கடைத் தராசில் நிறுத்தேன்: முந்நூற்று நாற்பது கிராம்.
குறையவும் இல்லை கூடவும் இல்லை என்று
கார்டுக்காரர்களிடம் சொல்வதுபோல
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கோடைமழையில் கொடியில் மறந்த பையைத்
தேடி எடுத்தால்
தையல் ஓரம் முழுக்க வெள்ளை முளை.
அழுவதா என்று ஒரு கணம்.
பிறகு அதைத் தொட்டியில் கொட்டி மண் போட்டேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிளிமூக்கு மாந்தோப்பு.
காவலுக்கு முனெம்மா.
முதல்நாள் கேட்டாள், எந்தப் பக்கம்?
இடது என்றேன்.
அவள் அக்காவுக்கு வலது.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
ஒரு கிளையைக் காட்டி
செய்யி எத்து என்றாள்.
அவள் பாஷையில் செய்யி என்றால் கை.
செய் என்று ஏவுவதற்கும் அதுவே சொல்.
எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்டது.

தூக்கினேன்.
அக்குளில் இருந்து முழங்கை வரை
உள்ளே ஒரு கயிறு விறைத்தது.
காதளவு. அவ்வளவுதான்.

நல்ல நாட்களை மட்டும் எழுதக்கூடாது.
நள்ளிரவில் மார்கழியிலும் வேர்க்கும்
மாத்திரை இன்னும் நான்கு வருடம் உண்டு.
முதுகு வலித்தால் முதுகுவலி என்று நம்ப முடிவதில்லை.
பரிசோதனைக்கு முந்தைய வாரம்
நடக்கப் போகவே இல்லை,
போர்த்திக்கொண்டு கிடந்தேன்.
ஏன் வரல என்று முனெம்மா கேட்கவில்லை.
உப்பு தடவிய மாங்கீற்று ஒன்றை நீட்டினாள்.

வைகாசியில் ஒருநாள்
கிளை என் விரலுக்கு எட்டிவிட்டது.
இலையைப் பிடித்தேன், காம்பைப் பிடித்தேன்,
கிளையையே பிடித்துத் தொங்குவதுபோல் நின்றேன்.
முனெம்மா கைதட்டினாள்.
திரும்பி நடக்கையில்தான் தோன்றியது:
உயர்ந்தது என் கையா,
காய்ப் பாரத்தில் தாழ்ந்தது கிளையா?

வீட்டுச் சுவரிடம் கேட்டேன்,
சுவர் யாருக்காகவும் இறங்கி வராது.
காலண்டர் ஆணிக்குக் கீழே
பென்சில் கோடு சித்திரையில் நின்ற இடத்திலேயே.
அன்று சாயங்காலம் யாரோடும் பேசவில்லை.

ஆனியில் லாரி வந்து காயெல்லாம் ஏற்றிப்போனது,
கூழ் தொழிற்சாலைக்கு.
பாரம் இறங்கிய கிளை
பழையபடி மேலே போய்விட்டது.
அதன் கீழே போய் நின்றேன்.
முனெம்மா எதுவும் சொல்லாமல் பார்த்தாள்.
தூக்கினேன்.
காது, நெற்றி, உச்சந்தலை தாண்டி,
கயிறு இழுக்க இழுக்க.
இலைக்கும் நடுவிரலுக்கும் இடையில்
வெளிச்சம் தெரிந்தது.
அவள் எழுந்து வந்து
அந்த இடைவெளியில் தன் கையைப் படுக்கவைத்து
அளந்தாள்:
நாலு விரல்.

திரும்பும்போது போன் அதிர்ந்தது:
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
ஒன்பது மணிக்குக் கடை திறக்கவேண்டும்.
இன்று பாமாயில், வரிசை பெரிதாயிருக்கும்.