ஏழாம் பக்கம், மூன்றாம் வரி

"மனம் விட்டுப் போச்சுது" என்றார் அவர்.
(பெயர் சொல்லக் கூடாது, சத்தியம் செய்திருக்கிறேன்.)
நான் ஜெர்மனில் சொன்னேன்:
நம்பிக்கை இழந்துவிட்டார்.
தட்டச்சு தடதடவென்று அதை விழுங்கி
அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தது.

அப்புறம்தான் உறைத்தது.
நம்பிக்கை வேறு, மனம் வேறு.
மனம் விட்டுப் போவதென்றால்
கோப்பையின் பிடி விட்டுப் போவது மாதிரி.
கோப்பை இருக்கும்,
பிடி இருந்த இடத்தில் சொரசொரவென்று இரண்டு தழும்பு.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அதிகாரி மணி பார்த்தார்:
சாப்பாட்டு நேரம்; ஒன்றரைக்கு மறுவாசிப்பு.

பச்சை டிராமில் ஏறினேன்.
பதினொரு வருடத்து வாக்கியங்களும் என்னோடு ஏறின.
அந்தப் பையன் சொன்ன "அவங்கள்",
எந்த அவங்கள்?
அந்தத் தாயின் "ஒண்டும் இல்லை",
ஒன்றும் நடக்கவில்லையா,
சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லையா?
இரவல் வாய் நான்.
நம்பித் தந்தவர்களுக்கு
எதை எதையோ திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிந்தார்கள்.

ரைன் கரையில் இறங்கினேன், பசியில்லை.
துறையில் மரப்படகு.
எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது, பாயும் கிடையாது.
ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி,
அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் படகு.
ரெகுலா என்று சட்டையில் எழுதியிருந்த படகோட்டி
ஒரு கையில் தக்காளி சாண்ட்விச்சோடு
மறு கையால் சுக்கானை ஒரு சாண் திருப்பினாள்.
ஆறு மோத வந்தது.
மோதிய வேகத்திலேயே
படகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.

"வெள்ளம் கூடினால் பயமில்லையா?"
"தண்ணீர் வற்றினால்தான் தொல்லை, நடுவில் நின்றுவிடும்"
என்றவள், தக்காளி சரியில்லை என்று
கடைக்காரனைத் திட்டத் தொடங்கினாள்.

இந்த ஊர் மொழியில்
மொழிபெயர்ப்பதற்கும் அக்கரை சேர்ப்பதற்கும்
ஒரே சொல்.
அழுத்தம் விழும் இடம் மட்டும் வேறு.
வகுப்பில் மனப்பாடம் செய்தது,
இத்தனை நாள் கழித்து
நடு ஆற்றில் ஞாபகம் வந்தது.

கயிறு விறைக்கும் சத்தம்.
பலகைக்கு அடியில் தண்ணீர்.
சந்தேகம் எங்கும் போகவில்லை,
எதிர்ப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தது;
அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.
ஆனால் தொண்டையில் நின்ற மூச்சு
என்னைக் கேட்காமலே
இரண்டு படி கீழே இறங்கியிருந்தது.

அக்கரையில் இறங்கவில்லை.
அதே படகில் திரும்பினேன்.

ஒன்றரை மணி.
வரி வரியாக அவருக்குத் தமிழில் வாசிக்கிறேன்.
ஏழாம் பக்கம், மூன்றாம் வரி.
"ஒரு நிமிடம்" என்றேன் ஜெர்மனில்,
"இது என் பிழை. அவரிடம் கேட்க வேண்டும்."
குரல் நடுங்கியது,
நடுங்கட்டும் என்று விட்டேன்.
அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"மனம் விட்டுப் போச்சுதெண்டு சொன்னனீங்கள்.
அதை எனக்கு இன்னொருக்காச் சொல்லுங்கோ."

காலையிலிருந்து முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு சன்னலை.
தண்ணீர்க் குவளையை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் காத்திருந்தேன்.