ஒன்பதாம் பாடம்

செவ்வாய்தோறும் பத்தரைக்கு
கெட்டரிங் மெதடிஸ்ட் மண்டபத்தின் பின்னறையில்
நாங்கள் ஆறு பேர் இத்தாலியன் படிக்கிறோம்.
தேநீருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு பவுண்டு.
ஆசிரியர் என்று யாருமில்லை.
ஹிலரி எங்களைவிட இரண்டு பக்கம் முன்னால் படித்துவிட்டு வருவாள்,
அவ்வளவுதான்.
சுவருக்கு அப்பால் யுகுலேலே குழு.
அவர்களும் பென்சன்காரர்கள்,
ஐந்து மாதமாக அதே பாட்டு.

இந்த ஊரில் முப்பத்தொரு வருடம்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றேன்.
என் ஆங்கிலத்தை வழியில் போனவர்கள்கூடத் திருத்தினார்கள்.
இங்கே, நில அளவையாளராக இருந்த கிளைவ்
பத்து நிமிடம் வியர்த்து
என் பூனை பெரியது என்கிறார்.
கைதட்டுகிறேன்.
என் பூனை (எனக்குப் பூனையே இல்லை)
அதைவிடப் பெரியது என்கிறேன்.
வாயில் வரும் சொல்லுக்கு ஏற்றபடிதான் இங்கே வாழ்க்கை.
க்வெண்டாவுக்குச் சகோதரி என்ற சொல் தங்காது,
ஆகவே அவளுடைய அக்காமார் மூவரும் தம்பிகள்.

இருக்கிறார் என்பதற்கு அந்த மொழியில் ஓரெழுத்து போதும்:
ஏ.
எங்கள் பக்கம் தெருவில் ஆளை மறிக்கும் சத்தம்.
ஏ, ரோலண்டின் மனைவி தோட்டத்தில்.
ஏ, மொரீனின் கணவர் படகில்.
எட்டுப் பாடத்திலும் நிகழ்காலம் மட்டுமே.
யாரும் இன்னும் சாகவில்லை.

குடும்பப் பாடத்தன்று என் முறை.
எனக்கு ஓர் அண்ணன். ரயில் நிலையத்தில் வேலை.
வயது? என்றாள் ஹிலரி.
இருபத்தாறு, என்றேன்.
என் நரையைப் பார்த்தாள்.
எண்ணில் தடுக்கிவிட்டேன் என்று நினைத்து
மெதுவாக, நோகாமல் திருத்தினாள்:
எழுபத்தாறு.
எழுபத்தாறு, என்று திருப்பிச் சொன்னேன்.
சொல்லி முடிப்பதற்குள் அண்ணனுக்குத் தலை நரைத்தது,
மூக்கில் கண்ணாடி ஏறியது,
படியில் கைப்பிடியைத் தேடினார்.
திரும்பும் பேருந்தில்
பக்கத்து இருக்கையில் நான் பையை வைக்கவில்லை.

ஜனவரியில் ஹிலரி ஒன்பதாம் பாடத்தைத் திறந்தாள்.
இறந்தகாலம்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு நேர்ப்பொருள் என்னவென்று
விளையாட்டாகச் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
கொஞ்ச நேரம் யுகுலேலே மட்டும் கேட்டது.
பிறகு கிளைவ் தொண்டையைச் செருமினார்:
ரயில் நிலையப் பாடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
எனக்குக் காய்கறிகள், என்றாள் க்வெண்டா.
ரோலண்ட் வானிலையை மறுபடி கேட்டார்,
வானிலை நிலையத்தில் வேலை பார்த்த மனிதர்.
கை தூக்கி வாக்கெடுத்தோம். ஹிலரியும் தூக்கினாள்.
தூக்காதது மொரீன்.

மூன்று செவ்வாய் ரயில், கத்தரிக்காய், மழை.
நாலாவது செவ்வாய் அவள் எழுந்து நின்றாள்.
இங்கே யாரும் எழுந்து நின்று கதைப்பதில்லை.
ஏரா, என்றாள்.
என் கணவர், ஏரா, படகில்.
வீட்டில் தனியாகப் படித்திருக்கிறாள்.
ஏ என்று கூப்பிட்ட வாயில்
ஒரு ரா வந்து கவிந்தது.
ஹிலரி புத்தகத்தைப் பார்த்தாள். சரி என்றாள்,
உச்சரிப்பும் சரி என்றாள்.
கிளைவ் பிஸ்கட் டின்னை அவள் பக்கம் நகர்த்தினார்.
மொரீன் இரண்டு எடுத்தாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
உங்கள் அண்ணன்?

ஏ, என்றேன். எழுபத்தாறு. முழங்காலில் வலி.
கோடையில் இங்கே வருகிறாரா என்று கேட்டார் ரோலண்ட்,
முதல்முறையாக ஒரு பிழையும் இல்லாமல்.
எதிர்காலம் பதினான்காம் பாடம், என்றேன்.
பொறுங்கள்.