பதினொன்றுக்கும் நான்குக்கும்

என் அறையில் ஒரு கவிஞர்
நாளுக்கு இரண்டு முறை சாகிறார்.
காலை பதினொன்றுக்கு.
மாலை நான்குக்கு.
திங்கட்கிழமை அவருக்கும் விடுமுறை.

திரியெஸ்தே துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை.
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
துருக்கியிலிருந்து வந்த பெட்டிகளை
விடியும்வரை அடுக்கிவிட்டு
ஏழரைக்குக் கட்டிலில் விழுவேன்.
கனவுக்குச் சூடேறுகிற நேரம் பார்த்துக்
கீழே காலடிச் சத்தம்.
இருபது, இருபத்தைந்து ஜோடி.
மழை இருக்காது. ஆனாலும் நடுவில்
ஒரு சிவப்புக் குடை உயரும்.

"மூன்றாவது மாடி. இடமிருந்து இரண்டாவது ஜன்னல்.
கவிஞர் ஒத்தோனே பெர்தோத்
கடைசிக் குளிர்காலத்தைக் கழித்தது இங்கேதான்.
பார்த்தபடியே உயிர் பிரிந்தது,
கடலை."

வழிகாட்டியின் பெயர் நேவியா.
கடலுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவாள்.
அவள் குரலுக்கு நான் விழித்ததில்லை.
அந்த நிறுத்தத்துக்குத்தான் விழிப்பேன்.

பெர்தோத் எழுதியதில் ஒரு வரியும் நான் படித்ததில்லை.
அவர் பெயருக்கு வருடம் இரண்டு கடிதம் வரும்:
ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து,
மற்றது தண்ணீர் வரி பாக்கி.
வாசலில் பதித்த பளிங்குப் பலகையைக் காட்டி
வீட்டுக்காரர் வாடகையில் நாற்பது யூரோ ஏற்றினார்.

இரண்டு வருடம் பொறுத்தேன்.
ஏப்ரலில் ஒரு நாள், பல்வலி வேறு,
பனியனோடு ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"இங்கேயிருந்து கடல் தெரியாதம்மா!
எதிர்ச் சுவர் தெரியும்,
பல் டாக்டர் போர்டு தெரியும்,
அவ்வளவுதான்!"

இருபது முகம் அண்ணாந்தது.
யாரோ படம் பிடித்தார்கள்.
எந்த ஊரிலோ எவர் ஆல்பத்திலோ
கவிஞரின் ஜன்னலில்
இப்போதும் நிற்கிறது என் பனியன்.

கூட்டத்தை அனுப்பிவிட்டு அவள் ஏறி வந்தாள்,
மூன்று மாடி, மடக்கிய குடையோடு.
ஒன்பது வருடமாகக் கீழே நின்று சொல்கிறாளாம்,
ஒரு தடவையும் மேலே வந்ததில்லையாம்.
இடுப்புவரை வெளியே சாய்ந்தாள்.
வலப்பக்கம் மழைக்குழாய்.
இடப்பக்கம் யாருடையதோ போர்வை.
"எதிர்க் கட்டிடம் எப்போ கட்டினது?"
"கல்லிலேயே வருஷம் போட்டிருக்கு பாருங்க.
உங்க ஆள் பிறக்கிறதுக்கு முன்னாடி."
படித்தாள். மறுபடி படித்தாள்.
காபி வேண்டாம் என்றுவிட்டாள்.
படியிறங்கும்போது குடை
ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டே போனது.

மறுநாள் பதினொன்றுக்கு
நானாகவே விழித்துக் கிடந்தேன்.
மூன்றாவது மாடி வந்தது.
இடமிருந்து இரண்டாவது வந்தது.
"பார்த்தபடியே உயிர் பிரிந்தது,"
அதே மூச்சு. அதே நிறுத்தம்.
பிறகு ஒன்றும் வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்:
ஒருவர் பின் ஒருவராகத் தலைகள்
தெருமுனைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன,
மீன்கடைக்கு அப்பால்,
உப்பு வருகிற திசைக்கு.
அவள் மட்டும் திரும்பவில்லை.
நானும் திரும்பினேன், சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஜனவரி.
போரா காற்று வந்துவிட்டால் நடை கிடையாது.
கிழவர்கள் பறந்துவிடாமல் பிடித்து நடக்க
முக்குகளில் கயிறு கட்டுவார்கள் என்று கேள்வி.
இன்று பதினொன்று அடித்தது.
கீழே ஒரு செருப்பும் இல்லை.
தூங்குவதற்கு இதைவிட நல்ல நாள் வராது.
தூக்கம் வரவில்லை.

ஜன்னலைத் திறந்தேன்.
திரைச்சீலையைக் காற்று பிடுங்கி வெளியே நீட்டியது.
கீழே பார்சல் பையன் ஒருவன்
விழுந்த ஸ்கூட்டரை விட்டுவிட்டு
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.
"மூன்றாவது மாடி!" என்று கத்தினேன்.
"இடமிருந்து இரண்டாவது ஜன்னல்!"
ஹெல்மெட் மேலே திரும்பியது.
"பேர் என்ன சார்?"

ஒரு மூச்சு நிறுத்தினேன்.
"பெர்தோத்."

ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி
மறு கையால் பட்டியலை விரித்து
தேட ஆரம்பித்தான்.