குறைப்பட்டியல்

தனிஸ்லாஸின் கணினித் திரையில்
மேகத்துக்குள் ஒரு கல் நகரம்.
இன்காக்கள் கட்டியது என்பான்.
போய்வர எவ்வளவு என்று
ஒருநாள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.
பதினாலு மாதச் சம்பளம்.
அதுவரை கம்பெனி இருக்குமா என்பது தனி.
திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

இந்த வெள்ளிக்கிழமை
அமானுல்லாவின் பழைய ஜீப்பில்
பதினோரு ரியாலுக்குப் பெட்ரோல்.
ஜெபல் ஷம்ஸ்.
தார் முடிந்து மண் தொடங்கிய கொண்டை ஊசியில்
தனிஸ்லாஸுக்கு வாந்தி.
நீ போ, நான் வண்டியிலேயே இருக்கேன் என்றான்
இன்கா ரசிகன்.

கையில் மடித்த தாள் ஒன்று.
வழிகாட்டி தேவையில்லை
என்பது அதன் முதல் வரி.
ஒரு பக்கம் பாறை.
மறு பக்கம் ஒன்றுமில்லை;
கழுகின் முதுகைக்
குனிந்து பார்க்கும் அளவுக்கு
ஒன்றுமில்லை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
பாறைகளில் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்து
வழி சொல்லியிருக்கிறார்கள்.
என் பிழைப்பும் கிட்டத்தட்ட இதுதான்.
மஸ்கட்டில் கட்டி முடித்த ஃப்ளாட்டுகளுக்குள் போய்
குறை கண்ட இடத்தில்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
டைல் விரிசல். கதவு உரசுகிறது.
குளியலறைத் தண்ணீர்
வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது.
லீவு நாளிலும்
சட்டைப்பையில் ஒரு சுருள் இருந்தது.

மூன்றாவது வளைவில் ஒரு ஆடு
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
ஆரஞ்சு உரித்துத் தோலை நீட்டினேன்.
அது தாளைத் தின்றது.
எண் நாலிலிருந்து ஒன்பது வரை,
களம், திரிகைக்கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம்
ஆட்டின் வயிற்றில்.
பிறகு அதுவே முன்னால் நடந்தது
படித்து முடித்த தைரியத்தில்.

மலை நீட்டிய தாடைக்கு அடியில்
ஊர்.
ஆள் போய் எத்தனை வருஷமோ,
தாளில் இருந்திருக்கும்.
கல்லும் மண்ணும் குழைத்த சுவர்கள்,
கூரைக்கு அந்தப் பாறையே.
வாசல் என் மார்பு உயரம்.
குனிந்தும் இடித்துக்கொண்டேன்.

கண் இருட்டுக்குப் பழகியதும்
கை பழக்கத்துக்குப் போய்விட்டது.
வடக்குச் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை. ஒட்டு.
நிலை மரத்தில் கரையான். ஒட்டு.
சன்னல் என்ற பெயரில் ஒரு முழ ஓட்டை. ஒட்டு.
தரை மட்டமே இல்லை,
அதற்கு இரண்டு.
ஏழு ஆயிற்று.
எட்டாவதை விரல்நுனியில் வைத்துக்கொண்டு
மேலே தேடினேன்.
அடுப்புக்கரி படிந்த பாறையில்
ஒழுகிய தடம் ஒன்றுகூட இல்லை.
நான் கையெழுத்திட்ட எந்தக் கட்டிடத்துக்கும்
அப்படிச் சொல்ல வராது.

ஆடு உள்ளே வந்து
மூலையில் படுத்தது,
வாடகை கொடுத்தவர் மாதிரி.

இந்தப் பட்டியலை யாரிடம் கொடுப்பது?
இங்கிருந்து இறங்கிப் போனவர்களின் பிள்ளைகள்
ஒருவேளை
நான் தேறியது என்று எழுதிய ஃப்ளாட்டில் இருக்கலாம்,
எதிர்ப்பக்கம் ஓடும் தண்ணீரைத்
துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு.

ஒவ்வொன்றாக உரித்தேன்.
ஆறு சுத்தமாக வந்தன.
ஏழாவது
பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்தது,
கட்டைவிரல் நகம் அளவு.
அதில் ஒரு வைக்கோல் துணுக்கு,
இன்னும் மஞ்சளாக.
எச்சில் தொட்டு அழுத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
அந்த வீட்டில் அன்று சேர்ந்த குறை
என் கணக்கில்.

திரும்பி வந்தபோது
தனிஸ்லாஸ் சீட்டைச் சாய்த்து
வெயில் பட வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுந்து, படம் எடுத்தியா என்றான்.
மறந்தே போச்சு.
சரி, எப்படி இருந்துச்சு?

ஒழுகலை என்றேன்.